நூறு புள்ளி ஆட்டத்தின் கணக்குத்தாள்: 1962 பாக்ஸ் ஸ்கோரை வரி வரியாகப் படிப்பது எப்படி

1962 மார்ச் 2 இரவு, பென்சில்வேனியாவில் உள்ள ஹெர்ஷி என்ற சாக்லேட் தொழிற்சாலை ஊரில் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லெய்ன் தனி ஆளாக 100 புள்ளி எடுத்தார். பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. அரங்கில் 4,124 பேர். தொலைக்காட்சி வரவில்லை, ஆட்டத்தின் ஒளிப்பதிவும் கிடையாது. நான்காவது குவார்ட்டரின் (ஆட்டத்தின் கடைசிப் பன்னிரண்டு நிமிடக் கால்பகுதி) வானொலி வர்ணனை மட்டும் ஒலிநாடாவில் தப்பியிருக்கிறது. மிச்ச ஆட்டத்துக்கு நமக்கு இருப்பது ஒரு தாள்தான்: யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது என்று எழுதிவைத்த பாக்ஸ் ஸ்கோர்.

பழைய ஆட்டத்தின் புள்ளிவிவரத்தைப் படிக்கப் பழக இதைவிட நல்ல தாள் எனக்குத் தெரிந்து இல்லை. எல்லோரும் அதில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மீதி எண்களில்தான் ஆட்டம் இருக்கிறது. ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் கால்குலேட்டர் இருந்தால் போதும், கல்லூரிக் கணக்கெல்லாம் வேண்டாம்.

படி 1: தாளை விரித்து வையுங்கள்

ஒவ்வொரு வரியும் இந்த வரிசையில் இருக்கிறது: நிமிடம், ஃபீல்ட் கோல் (விழுந்தது/எறிந்தது), ஃப்ரீ த்ரோ (விழுந்தது/எறிந்தது), ரீபவுண்ட், அசிஸ்ட், ஃபவுல், புள்ளி.

வாரியர்ஸ்

பால் அரிசின்: 31, 7/18, 2/2, 5, 4, 0, 16
டாம் மெஷெரி: 40, 7/12, 2/2, 7, 3, 4, 16
வில்ட் சேம்பர்லெய்ன்: 48, 36/63, 28/32, 25, 2, 2, 100
கை ராட்ஜர்ஸ்: 48, 1/4, 9/12, 7, 20, 5, 11
அல் ஆட்டில்ஸ்: 34, 8/8, 1/1, 5, 6, 4, 17
யார்க் லாரீஸ்: 14, 4/5, 1/1, 1, 2, 5, 9
எட் கான்லின்: 14, 0/4, 0/0, 4, 1, 1, 0
ஜோ ரக்லிக்: 8, 0/1, 0/2, 2, 1, 2, 0
டெட் லக்கன்பில்: 3, 0/0, 0/0, 1, 0, 2, 0

நிக்ஸ்

வில்லி நால்ஸ்: 43, 9/22, 13/15, 7, 2, 5, 31
ஜானி கிரீன்: 21, 3/7, 0/0, 7, 1, 5, 6
டாரல் இம்ஹாஃப்: 20, 3/7, 1/1, 6, 0, 6, 7
ரிச்சி கெரின்: 46, 13/29, 13/17, 8, 6, 5, 39
அல் பட்லர்: 32, 4/13, 0/0, 7, 3, 1, 8
கிளீவ்லேண்ட் பக்னர்: 33, 16/26, 1/1, 8, 0, 4, 33
டேவ் பட்: 27, 6/8, 1/1, 10, 1, 1, 13
டானி புட்சர்: 18, 3/6, 4/6, 3, 4, 5, 10

ஃபீல்ட் கோல் என்பது ஆட்டத்தின் ஓட்டத்தில் போடுகிற கூடை, இரண்டு புள்ளி. ஃப்ரீ த்ரோ, எதிரணியின் ஃபவுலுக்கு (விதிமீறலுக்கு) கிடைக்கும் இலவச எறிதல், ஒரு புள்ளி. ரீபவுண்ட், விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. அசிஸ்ட், கூடை விழக் காரணமான கடைசி பாஸ்.

படி 2: முதலில் கூட்டிப் பாருங்கள்

பழைய தாள் எதையும் அப்படியே நம்பக் கூடாது. கையால் எழுதி, தட்டச்சில் அடித்து, நாளிதழில் அச்சாகி, பிறகு யாரோ கணினியில் ஏற்றியது அது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் வழுக்கலாம். நல்லவேளையாக, பாக்ஸ் ஸ்கோர் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் கணக்கு. பேரேட்டில் வரவும் செலவும் இடிக்காமல் நிற்க வேண்டும் அல்லவா, அதே மாதிரிதான்.

நிமிடங்களைக் கூட்டுங்கள். 48 நிமிட ஆட்டம், களத்தில் எப்போதும் ஐந்து பேர். அப்படியானால் ஓர் அணிக்கு 240 நிமிடம் வர வேண்டும். இரண்டு அணிக்கும் சரியாக 240 வருகிறது.

அடுத்து புள்ளி. வாரியர்ஸின் ஃபீல்ட் கோல் 63, ஃப்ரீ த்ரோ 43. 126ஐயும் 43ஐயும் கூட்டினால் 169. நிக்ஸுக்கு 57, 33. 114ஐயும் 33ஐயும் கூட்டினால் 147. சேம்பர்லெய்னின் வரியையும் விட்டுவிடாதீர்கள்: 36 கூடைக்கு 72, அதோடு 28, மொத்தம் 100.

ரீபவுண்டில் ஒரு சின்ன இடறல் வரும். வாரியர்ஸ் வீரர்களின் எண்களைக் கூட்டினால் 57, நிக்ஸுக்கு 56. தாளின் அடியிலோ இரண்டு அணிக்கும் 60 என்று இருக்கும். நான் முதல்முறை கூட்டியபோது என் கணக்குதான் தப்பு என்று மூன்று தடவை திரும்பக் கூட்டினேன். தப்பில்லை. யார் கையிலும் சிக்காமல் பந்து வெளியே போனால், அந்த ரீபவுண்ட் எந்த வீரர் பெயரிலும் ஏறாது, அணியின் பெயரில் ஏறும். வாரியர்ஸுக்கு அப்படி 3, நிக்ஸுக்கு 4. கிரிக்கெட் ஸ்கோர்கார்டில் 'எக்ஸ்ட்ராஸ்' வரி இருக்கிறதே, அதுபோலத்தான். பேட்ஸ்மேன்களின் ரன்னை மட்டும் கூட்டினால் மொத்தம் வராது.

படி 3: இல்லாத பத்திகளைக் குறித்துவையுங்கள்

இன்றைய பாக்ஸ் ஸ்கோரோடு ஒப்பிட்டால் இந்தத் தாள் ரொம்பச் சின்னது. மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே தூரத்திலிருந்து எறிந்து விழுந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) என்பிஏவில் 1979-80 பருவத்தில்தான் வந்தது. ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணி எறிந்ததைத் தட்டிவிடுவது) இரண்டையும் லீக் எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். தாக்கும் பக்க ரீபவுண்டையும் தடுக்கும் பக்க ரீபவுண்டையும் பிரித்து எழுதியதும் அப்போதிலிருந்துதான். வீரர்கள் பந்தை இழந்த கணக்கு, அதாவது டர்ன்ஓவர், அதற்கும் பிறகு.

ஆகவே சேம்பர்லெய்ன் அன்று எத்தனை எறிதல்களைத் தட்டிவிட்டார் என்ற கேள்விக்குத் தாளில் விடை கிடையாது. விடை இல்லை என்பது வேறு, பூஜ்யம் என்பது வேறு. பழைய ஆட்டங்களைக் கணினி அட்டவணையில் ஏற்றும்போது பலர் செய்கிற தவறு இதுதான்: காலியான கட்டத்தில் 0 போட்டுவிடுகிறார்கள். அப்புறம் சராசரி எடுக்கும்போது அந்தப் பூஜ்யமும் சேர்ந்து, அந்தக் காலத்து மிக உயரமான ஆட்டக்காரர்களில் ஒருவர் பிளாக்கே செய்யாதவர் ஆகிவிடுவார். காலி இடம் காலியாகவே இருக்கட்டும்.

படி 4: அணியின் கணக்கை குவார்ட்டர் குவார்ட்டராக

வாரியர்ஸ்: 42, 37, 46, 44
நிக்ஸ்: 26, 42, 38, 41

இறுதி வித்தியாசம் 22. அதில் 16 முதல் குவார்ட்டரிலேயே வந்துவிட்டது. மீதி மூன்று குவார்ட்டரையும் கூட்டினால் வாரியர்ஸ் 127, நிக்ஸ் 121. 36 நிமிடத்தில் ஆறே புள்ளி வித்தியாசம்! இரண்டாவது குவார்ட்டரை நிக்ஸ் ஐந்து புள்ளியில் ஜெயித்திருக்கிறார்கள். உலகம் நினைவில் வைத்திருக்கும் ஆட்டம் நான்காவது குவார்ட்டரில் இருக்கிறது. வெற்றி தோல்வி முடிவான ஆட்டம் முதல் பன்னிரண்டு நிமிடத்தில். இவை இரண்டும் வேறுவேறு கதைகள் என்பதை இந்த இரண்டு வரி எண்களே சொல்லிவிடும்.

அடுத்து, எறியும் வாய்ப்புகளை எண்ணுங்கள். இன்றைய ஆய்வாளர்கள் ஓர் அணி எத்தனை முறை பந்தைக் கையில் வைத்திருந்தது என்று கணக்கிட டர்ன்ஓவரையும் தாக்கும் பக்க ரீபவுண்டையும் கேட்பார்கள். நம்மிடம் இரண்டும் இல்லை. இருப்பதை வைத்து ஒரு தோராயம் செய்யலாம்: ஃபீல்ட் கோல் முயற்சியோடு, ஃப்ரீ த்ரோ முயற்சியில் 0.44 பங்கைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் ஒவ்வொன்றையும் முழு வாய்ப்பாக எண்ண முடியாது, அதற்குத்தான் இந்தப் பங்கு. பிற்கால ஆட்டங்களிலிருந்து எடுத்த எண் அது, 1962க்கு அச்சாகப் பொருந்தும் என்று சத்தியம் செய்யாதீர்கள்.

வாரியர்ஸ்: 115, அதோடு 52இல் 0.44 பங்கு. சுமார் 138. நிக்ஸ்: 118, அதோடு 41இல் 0.44 பங்கு. சுமார் 136. வாய்ப்புகள் கிட்டத்தட்ட சமம். ஒரு வாய்ப்புக்கு வாரியர்ஸ் எடுத்தது 1.23 புள்ளி, நிக்ஸ் 1.08. அதாவது வாரியர்ஸ் அதிகம் எறிந்து ஜெயிக்கவில்லை, எறிந்ததை அதிகம் விழவைத்து ஜெயித்தார்கள்.

படி 5: நாயகனின் வரியைப் பிரியுங்கள்

சேம்பர்லெய்னின் கணக்கு குவார்ட்டர் வாரியாகக் கிடைக்கிறது. இது பழைய ஆட்டங்களில் அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள்.

முதலாவது: 7/14, ஃப்ரீ த்ரோ 9/9, ரீபவுண்ட் 10, புள்ளி 23
இரண்டாவது: 7/12, 4/5, ரீபவுண்ட் 4, புள்ளி 18
மூன்றாவது: 10/16, 8/8, ரீபவுண்ட் 10, புள்ளி 28
நான்காவது: 12/21, 7/10, ரீபவுண்ட் 1, புள்ளி 31

இப்போது அணியின் புள்ளியில் அவர் பங்கு என்ன என்று வகுத்துப் பாருங்கள். 42இல் 23 என்பது 55 சதவீதம். அடுத்து 37இல் 18, 49 சதவீதம். 46இல் 28, 61 சதவீதம். கடைசியில் 44இல் 31, 70 சதவீதம். மூன்றாவது குவார்ட்டர் முடிவில் அவர் 69இல் நிற்கிறார். அதற்குப் பிறகு அணி மொத்தமும் ஒரே ஆளுக்காக வளைகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் 21 எறிதல்.

எனக்கு இந்தத் தாளில் மிகவும் பிடித்த எண் 100 அல்ல, அந்த ஒற்றை ரீபவுண்ட்தான். மூன்று குவார்ட்டரில் 24 பிடித்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று பிடித்திருக்கிறார். ஏன் என்று தாள் சொல்லாது. ஆனால் ஆட்டத்தின் இயல்பு அங்கே மாறிவிட்டது என்பதை இதைவிட அழுத்தமாக வேறெதுவும் காட்டாது.

இதில் ஃப்ரீ த்ரோ தனிக் கதை. அந்தப் பருவம் முழுக்க அவருடைய ஃப்ரீ த்ரோ 61.3 சதவீதம். இடுப்புக்குக் கீழிருந்து இரு கையாலும் பந்தை மேலே வீசுகிற பழைய பாணியில் எறிவார். அன்று 32இல் 28, அதாவது 87.5 சதவீதம். வழக்கமான கையாக இருந்திருந்தால் 32க்கு இருபது விழுந்திருக்கும். அப்படியானால் அவர் எடுத்திருக்கக்கூடியது சுமார் 92. சாதனைதான், ஆனால் நூறு இல்லை. அவருடைய பலவீனம் ஓர் இரவு விடுப்பு எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நாயகனை மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்

கட்டைவிரலால் சேம்பர்லெய்ன் வரியை மூடுங்கள். மற்ற எட்டுப் பேர் 52 எறிந்து 27 போட்டிருக்கிறார்கள், 52 சதவீதம். அந்தப் பருவத்தில் லீக் சராசரியே 42.6 சதவீதம்தான். 'ஒருவர் எறிந்தார், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்' என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. எதிரணி முழுக்க ஒருவரையே சுற்றி நின்றால், மற்றவர்களுக்குக் கிடைப்பது நல்ல எறிதல்தானே.

ஆட்டில்ஸைப் பாருங்கள். எறிந்தது எட்டு, விழுந்தது எட்டு, ஃப்ரீ த்ரோ ஒன்றுக்கு ஒன்று. ஓர் எறிதல்கூடத் தவறவில்லை. வேறு எந்த இரவாக இருந்தாலும் மறுநாள் தலைப்பு அவர்தான். 100 புள்ளி எடுத்த ஆளோடு ஒரே இரவில் ஆடியது அவர் ராசி.

ராட்ஜர்ஸ் 48 நிமிடமும் ஆடி நான்கே எறிதல், 20 அசிஸ்ட். அசிஸ்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இது எண்ணுபவரின் தீர்ப்பு. கூடை விழுந்ததா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. எந்த பாஸால் விழுந்தது என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து வரும். வாரியர்ஸுக்கு 39, நிக்ஸுக்கு 17 என்பதைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். இருந்தாலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, ஒரு பக்கம் பந்தை ஊட்டி ஆடியது, மறுபக்கம் தனித்தனியாக ஆடியது என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

எதிரணியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கெரின் 39, பக்னர் 33, நால்ஸ் 31. மூவரும் சேர்ந்து 103. தோற்ற அணியில் மூன்று பேர் முப்பதைத் தாண்டியது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

படி 7: ஃபவுல் பத்தியைக் கடைசியில், நிதானமாக

பெரும்பாலோர் தாண்டிப்போகிற பத்தி இது. நான் இதைத்தான் ஆட்டத்தின் நாட்குறிப்பு என்பேன்.

முதலில் இம்ஹாஃப். நிக்ஸின் வழக்கமான சென்டர் (கூடையருகே நின்று சேம்பர்லெய்னைத் தடுக்க வேண்டியவர்) ஃபில் ஜோர்டன் அன்று ஆடவில்லை, இம்ஹாஃப் அந்த இடத்தில் இறங்கினார். 'நூறு புள்ளி விட்டுக்கொடுத்த ஆள்' என்று அவர் பெயரைச் சொல்வார்கள். தாள் என்ன சொல்கிறது? 20 நிமிடம், ஆறு ஃபவுல். ஆறானால் வெளியே. மீதி 28 நிமிடம் சேம்பர்லெய்ன் வேறு ஆட்களுக்கு எதிராக எறிந்திருக்கிறார். ஒரு மனிதர் மேல் பல வருடம் ஒட்டியிருந்த பழியை ஓர் எண் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

அடுத்து வாரியர்ஸின் மாற்று ஆட்டக்காரர்கள். லாரீஸ் 14 நிமிடத்தில் 5 ஃபவுல். ரக்லிக் 8 நிமிடத்தில் 2. லக்கன்பில் 3 நிமிடத்தில் 2! இருபது புள்ளி முன்னால் இருக்கிற அணி எதற்கு இப்படி ஃபவுல் செய்கிறது? கடைசி நிமிடங்களில் சேம்பர்லெய்ன் கைக்குப் பந்து போகாமலிருக்க நிக்ஸ் மற்ற வாரியர்ஸை ஃபவுல் செய்தார்கள். பந்தைச் சீக்கிரம் திரும்ப வாங்க வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்தார்கள். ராட்ஜர்ஸ் நான்கே முறை எறிந்து 12 ஃப்ரீ த்ரோ வாங்கியதன் ரகசியத்தில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதும் தாளும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

படி 8: வேறு காலத்து ஆட்டத்தோடு நிறுத்துப் பாருங்கள்

இதற்கு, எறிந்த வாய்ப்புகள் எவ்வளவு புள்ளியாக மாறின என்று காட்டும் ட்ரூ ஷூட்டிங் என்ற அளவு உதவும். புள்ளியை, படி 4இல் பார்த்த எறியும் வாய்ப்பின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். சேம்பர்லெய்னுக்கு வாய்ப்பு 77, இரட்டிப்பு 154, விடை 65 சதவீதம். பக்னருக்கு 62, நால்ஸுக்கு 54, கெரினுக்கு 53. ஆட்டில்ஸுக்குப் போட்டுப் பார்த்தால் நூறைத் தாண்டி 100.7 வருகிறது! பதறாதீர்கள், 0.44 என்ற தோராயம் சின்ன எண்களில் செய்கிற சேட்டை அது. பத்து எறிதலுக்குக் கீழே இந்த அளவைப் பயன்படுத்தாதீர்கள்.

2006 ஜனவரி 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரயண்ட் 81 எடுத்த ஆட்டத்தை எதிரே வையுங்கள். ஃபீல்ட் கோல் 28/46, அதில் மூன்று புள்ளி எறிதல் 7/13, ஃப்ரீ த்ரோ 18/20. ட்ரூ ஷூட்டிங் 74 சதவீதம். மூன்று புள்ளிக் கோடு இல்லாமலிருந்தால் அது 74 புள்ளி. அணியின் 122இல் 81 என்பது 66 சதவீதம், சேம்பர்லெய்னின் 59ஐவிட அதிகம்.

ஆனால் இரண்டு காலத்தின் வேகம் வேறு. 1961-62 பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது, 2005-06 பருவத்தில் 97.0. சேம்பர்லெய்னின் 100 அந்தச் சராசரியில் 84 சதவீதம். பிரயண்டின் 81ஐ அவர் காலத்துச் சராசரியால் வகுத்தால் 83.5. கிட்டத்தட்ட ஒன்றேதான். எது பெரிது என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒற்றை ஆட்டத்தைப் பருவத்தோடும் பொருத்த வேண்டும். சேம்பர்லெய்ன் அந்த ஆண்டு 80 ஆட்டத்தில் 4,029 புள்ளி, சராசரி 50.4. ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். 48 நிமிட ஆட்டத்தில் அது எப்படி என்றால், கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்கள் சேர்ந்ததால். சில மாதங்களுக்கு முன், 1961 டிசம்பரில், லேக்கர்ஸுக்கு எதிராக மூன்று கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் 78 எடுத்திருந்தார். அதனால் ஹெர்ஷி இரவு வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஏற்கெனவே மலை மேல் நின்றவர் இன்னும் ஒரு பாறை ஏறினார்.

படி 9: கடைசியாகக் காதால் சரிபாருங்கள்

நான்காவது குவார்ட்டரின் வானொலிப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. வர்ணனை பில் கேம்ப்பெல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. தாளை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். 69இல் தொடங்கி, ஒவ்வொரு கூடைக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். பன்னிரண்டு கோடும் ஏழு புள்ளியும் வர வேண்டும். பன்னிரண்டாவது கோடு ஆட்டம் முடிய 46 வினாடி இருக்கும்போது விழும். அந்தக் கூடைக்கு பாஸ் கொடுத்தவர் ரக்லிக். மேலே அவர் வரிக்குப் போய்ப் பாருங்கள்: எட்டு நிமிடம், பூஜ்யம் புள்ளி, ஒரு அசிஸ்ட்.